புருவத்துக்கு டை போட எந்தக் கலர் எடுப்பாக இருக்கும்? எனக்குக் கருப்பு முடி, மாநிறம், புருவத்தில் நாலைந்து நரை

கருப்பு முடிதானே, கருப்பே போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. டார்க் பிரவுன் போடுங்கள்.

வேலந்தாவளத்தில் 11 வருஷமாகச் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம், இந்தப் பக்கம் பாலக்காடு. ‘புருவம்’ என்று கேட்டு வருபவர்களும் மலையாளத்தில் ‘புரிகம்’ என்று கேட்டு வருபவர்களும் பாதிக்குப் பாதி. இரண்டு கூட்டமும் முதலில் கேட்பது கருப்புதான்.

எல்லோருக்கும் நான் செய்து காட்டுவது ஒன்று உண்டு. சீப்பில் இருந்து ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். தலையில் அடர்த்தியாக இருக்கும்போது கருகருவென்று தெரிந்தது, தனியாகக் கிடக்கும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். சிலருக்கு ஓரத்தில் செம்பட்டைகூட அடிக்கும். புருவ முடி குட்டை, இடையிடையே தோல் தெரியும். சாயம் முடியோடு நிற்காமல் அந்தத் தோலிலும் பிடிக்கும். அதனால்தான் தலைமுடியை விட ஒரு ஷேடு குறைவாக எடுப்பது. டியூப்லைட்டு வெளிச்சத்தில் மட்டும் கலரை முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லாமே கருப்பாகத்தான் தெரியும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் பெரியம்மா முகத்தில். கிணத்துக்கடவில் இருந்து கல்யாணத்துக்கு வந்திருந்தார். மறுநாள் முகூர்த்தம். புருவத்தில் நரை. நான் கருப்பைக் குழைத்துப் போட்டேன். நரைமுடியில் சாயம் சீக்கிரம் ஏறாது, அதனால் பத்து நிமிஷத்துக்கு மேல் விட்டுவிட்டேன். துடைத்துப் பார்த்தால் நரை மறைந்திருந்தது, தோலும் சேர்ந்து கருத்திருந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, அடுப்புக்கரிய எடுத்து அப்பிட்டியா?” என்றார். கல்யாண ஆல்பம் முழுக்க அந்தப் புருவம்தான். இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதை எடுத்து வைத்துச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயத்தை மாற்றிக்கொண்டேன். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே போடுவது. தோலில் பிடித்தது அதற்குள் மங்கிவிடும், முடியில் உள்ளது நாலு முதல் ஆறு வாரம் வரை நிற்கும். இன்னொன்று, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈரப்பஞ்சால் ஓரத்தைத் துடைத்துப் பார்ப்பது. பற்றவில்லை என்றால் மறுபடி வைக்கலாம். ஏறிவிட்டதை இறக்குவதுதான் பாடு. நரை இருக்கும் இடத்துக்கு மட்டும் முதலில் சாயம் வைத்து, மற்ற முடிக்குக் கடைசியில் வைத்தால் ஒரே சீராக வரும். உங்கள் நாலைந்து நரைக்கு அது போதும்.

தலைக்கு மருதாணி போட்டுச் செம்பட்டை ஏறியவர்களுக்குக் கொஞ்சம் சிவப்போடிய பிரவுன் ஒத்துப்போகும். தலை முழுக்க வெளுத்தவர்களுக்கு கிராஃபைட் என்று சாம்பல் கலந்த நிறம் இருக்கிறது, அதைக் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். தலைக்கு பர்கண்டி என்ற கருஞ்சிவப்பு அடித்துக்கொண்டு புருவத்துக்கும் அதையே கேட்கும் காலேஜ் பிள்ளைகளிடம் மட்டும் நான் வாதாடுவேன். ப்ளூ பிளாக் இமைமுடிக்கு எடுப்பது. நம் மாநிறத்துப் புருவத்தில் அது நீலம் பாய்ந்த மாதிரி நிற்கும்.

போடும் முன்னால் சோப்பு போட்டு முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் ஏறாது. புருவத்தைச் சுற்றி வாசலின் தடவினால் நெற்றியில் பரவாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மளிகைக் கடையில் தொங்கும் தலைமுடி டை பாக்கெட்டை இதற்கு எடுக்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாது, கண் பார்வை போகலாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். புருவத்துக்கென்றே வரும் சாயமானாலும், முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். கருப்பு மருதாணி கோன் போட்டுக் கை எப்போதாவது கொப்பளித்திருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். அதில் கலக்கும் பிபிடி என்ற ரசாயனம் பல டைகளிலும் உண்டு. என்னிடம் அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் மனசு கருப்பிலேயே நிற்கிறதா? கருப்பு ஒன்று, டார்க் பிரவுன் ஒன்று என இரண்டு ஐப்ரோ பென்சில் வாங்கி, ஒரு புருவத்தில் அதையும் மறு புருவத்தில் இதையும் வரைந்துகொண்டு மத்தியான வெயிலில் ஒரு செல்ஃபி எடுங்கள். வீட்டில் யாரிடமாவது காட்டி, எந்தப் பக்கம் கோபமாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.