வாசகர் கேள்வி பதில்: ‘தேவையற்ற’ என்ற ஒரு சொல்

கேள்வி: ஒரு நாயை அசைய முடியாத கூண்டில் அடைத்து வைத்தால் வழக்கு வருகிறது. ஆயிரக்கணக்கான கோழிகளை அதே நெருக்கடியில் வைத்தால் அது தொழில் எனப்படுகிறது. இந்த முரண் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லையா?

பதில்: தெரிகிறது. தெரிந்தே அதற்கு இடம்விட்டு எழுதப்பட்டவைதான் பெரும்பாலான வதைத்தடுப்புச் சட்டங்கள். விலங்குக்குத் துன்பம் தரக் கூடாது என்று அவை சொல்வதில்லை. ‘தேவையற்ற’ துன்பம் தரக் கூடாது என்றுதான் சொல்கின்றன. எது தேவை என்பதையோ, அந்தத் துன்பத்தால் பயன்பெறும் மனிதரின் வழக்கமே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், பண்ணைத் தொழிலில் வழக்கமாகக் கையாளப்படும் முறைகள் வதைச் சட்டத்தின் வரம்புக்கே வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. அதாவது, ஒருவர் செய்தால் குற்றமாகும் செயல், ஊரே சேர்ந்து செய்யும்போது நடைமுறை என்று பெயர் பெற்றுவிடுகிறது.

யாருக்குப் பாதுகாப்பு என்பதிலும் தொடக்கம் முதலே இந்த ஓரவஞ்சனை உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் மார்ட்டினின் முயற்சியால் 1822-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் குதிரை, கழுதை, மாடு, செம்மறியாடு போன்றவற்றைக் காத்தது; நாய்க்கும் பூனைக்கும் அதில் இடமில்லை. நாய் 1835 வரை காத்திருந்தது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் 1966-இல் வந்தது. ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் எலிகளும் சுண்டெலிகளும் பறவைகளும் அந்தச் சட்டத்தின் பொருளில் ‘விலங்கு’ ஆகா என்று 2002-இல் அதில் திருத்தம் எழுதப்பட்டது. ஆய்வகங்களில் பெருந்திரளாகப் பயன்படுபவை எலியினம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எலி ஒரு விலங்கா என்று அறிய விலங்கியல் நூலைப் புரட்டிப் பயனில்லை, சட்டத்தின் வரையறைப் பிரிவைத்தான் புரட்ட வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட கோழிக்கே வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 இறுதிவரை அனுமதிக்கப்பட்டிருந்த பழைய வகைக் கூண்டில், முட்டைக் கோழி ஒன்றுக்கு ஒதுக்க வேண்டிய குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். நாம் எழுதும் ஏ4 தாளின் பரப்பு 620-க்குச் சற்று அதிகம். அந்தத் தாளைவிடச் சிறிய இடத்தில் நிற்கும் கோழியால் சிறகை விரிக்க இயலாது, மண்ணில் புரள இயலாது, முட்டையிட மறைவிடம் தேட இயலாது. 1999-இல் பிறப்பித்த ஆணையின்படி 2012 ஜனவரி 1 முதல் அவ்வகைக் கூண்டு தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக அனுமதிக்கப்பட்ட கூண்டில் 750 சதுர சென்டிமீட்டரும், முட்டையிட ஒரு மறைவும், அமர ஒரு கழியும் உண்டு. கூண்டு கூண்டுதான் என்று இதை ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘தேவையற்ற துன்பம்’ என்ற சொற்றொடரை வைத்து நீதிமன்றத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். 750 என்ற எண்ணை ஓர் ஆய்வாளர் அளவுநாடாவால் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்.

கேள்வி: விலங்கு நலம், விலங்குரிமை இரண்டும் ஒன்றுதானே?

பதில்: அல்ல. விலங்கைப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி என்கிறது முதலாவது. பயன்படுத்தலாமா என்பதையே கேள்வியாக்குகிறது இரண்டாவது. விலங்குகளிடம் கொடுமை காட்டுபவன் மனிதர்களிடமும் இரக்கமற்றவனாகிவிடுவான், அதனால்தான் அது தவறு என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் கருதினார். எனக்கு இது போதவில்லை. அடிப்பவன் மனம் மரத்துப்போகாவிட்டாலும் அடிபட்ட நாய்க்கு வலிக்கத்தானே செய்கிறது? அந்த வலியையே நேராக அளவுகோலாக்கியவர் ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தாம். விலங்கால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதைவிடத் துன்புற முடியுமா என்பதே கேள்வி என்று அவர் 1789-இல் வெளியான தம் நூலின் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அவர் வழியில் 1975-இல் தத்துவஞானி பீட்டர் சிங்கர், மனித நலனுக்குத் தரும் அதே கவனத்தை விலங்கின் நலனுக்கும் தர வேண்டும் என்றார். சிங்கரை உரிமைவாதி என்று பலரும் எழுதுகிறார்கள்; அவர் விளைவுகளைத் தராசில் இடுபவர். எந்த விளைவுக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாத மதிப்பு விலங்குக்கு உண்டு என்று கண்டிப்பான பொருளில் உரிமை பேசியவர் 1983-இல் எழுதிய அமெரிக்கத் தத்துவஞானி டாம் ரீகன்.

கேள்வி: எந்த நீதிமன்றமாவது ஒரு விலங்கை ‘நபர்’ என்று ஏற்றதுண்டா?

பதில்: உண்டு. அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் தனிமையில் அடைபட்டிருந்த செசிலியா என்ற சிம்பன்சிக்காக, சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. 2016-இல் நீதிபதி அதை மனிதரல்லாத சட்ட ‘நபர்’ என்று கொண்டு மனுவை ஏற்றார். அடுத்த ஆண்டு செசிலியா பிரேசிலில் உள்ள சரணாலயத்துக்குச் சென்றது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த ஹேப்பி என்ற யானைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதன் நெற்றியில் வெள்ளைக் குறி ஒன்றை இட்டுப் பெரிய கண்ணாடிமுன் நிறுத்தியபோது, பிம்பத்தைப் பார்த்துத் தன் நெற்றியையே துதிக்கையால் தொட்டுப் பார்த்த யானை அது. அதன் அறிவை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும் ஆட்கொணர்வு என்பது மனிதருக்கான பரிகாரம் என்று 2022-இல் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

சட்டமன்றங்கள் இன்னும் சாமர்த்தியமானவை. விலங்குகள் பொருள்கள் அல்ல என்று ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் 1990-இல் அறிவித்தது. வேறு விதி இல்லாதபோது பொருள்களுக்கான விதிகளே அவற்றுக்கும் பொருந்தும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கேள்வி: விலங்கால் நீதிமன்றப் படியேற முடியாது. அதன் சார்பில் யார் நிற்பது?

பதில்: பெரும்பாலும் காவல்துறையும் அரசு வழக்கறிஞரும்தான், அவர்கள் வழக்கை எடுக்காவிட்டால் கேட்பாரில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் மாநிலம் இதற்கென்றே ஒரு வழக்கறிஞரை 1992 முதல் நியமித்திருந்தது. வதைக்கு ஆளான விலங்கின் தரப்பை எடுத்துரைப்பது அவர் வேலை. தூண்டிலில் சிக்கிய ஒரு பைக் மீனைக் கரையேற்ற ஒருவர் சுமார் 10 நிமிடம் இழுத்தார். அந்த நீண்ட போராட்டம் வதையாகாதா என்று அந்த வழக்கறிஞர் 2010-இல், ஏற்கெனவே செத்துப்போன மீனுக்காக வாதாடினார். மீன் பிடித்தவர் விடுவிக்கப்பட்டார். இத்தகைய வழக்கறிஞர்களை நாடெங்கும் நியமிக்கலாமா என்று அதே ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 70 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். சூரிக்கில் இருந்த அந்த ஒரே பதவியும் பின்னர் எடுக்கப்பட்டுவிட்டது.