அன்பளிப்பு என்று எழுதிய உறை

கேள்வி: வெள்ள நிவாரணம் கொடுக்கும்போதுகூடப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். கிறிஸ்தவ ஊழியத்தில் எது உண்மை, எது விளம்பரம் என்று எப்படி அறிவது? – வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: படங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வியில் ‘ஊழியம்’ என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. சபைகளில் நாம் பயபக்தியுடன் உச்சரிக்கும் இந்தச் சொல்லுக்குக் கொழும்பில் வேறொரு வரலாறும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், அந்நியர் என்று கருதப்பட்ட சோனகரிடமும் செட்டிமாரிடமும் வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டித் தப்பினார்கள், மற்றவர்கள் உடலால் உழைத்தார்கள். அதே ஆட்சிதான் உத்தியோகம் வேண்டுமானால் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும் என்றும் வைத்திருந்தது. 1757 இல் கொழும்பில் ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம் திறக்கப்பட்ட காலத்தில் திருமுழுக்குப் பதிவேடுகள் பெயர்களால் நிறைந்திருந்தன. 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறி, அந்த நிர்ப்பந்தமும் நீங்கிய பிறகு, அந்தப் பெயர்களில் பெரும்பகுதி தத்தம் பழைய சமயங்களுக்கே திரும்பிவிட்டது.

அந்த ஒல்லாந்தர் தடை செய்திருந்த கத்தோலிக்கக் குருமாருள் ஒருவரான ஜோசப் வாஸ் அடிகளார், 1687 இல் கூலியாள் வேடத்தில் இங்கு வந்து இறங்கினார். 1697 இல் கண்டியில் அம்மை பரவி, வீட்டாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களைத் தேடிப்போய்ப் பராமரித்தவர் அவர். காலிமுகத்திடலில் 2015 ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது திரண்ட கூட்டத்தில் நானும் நின்றேன். புண்ணைத் துடைத்த அந்தக் கைகளைத்தான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று இந்த நாட்டில் ஊழியர் என்பது சட்டத்தின் சொல்லும்கூட. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி, முதுமைக்கான சேமிப்பாகிய ஊழியர் சேமலாப நிதியத்துக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியரிடமிருந்தும் 12 சதவீதம் வேலை கொடுப்பவரிடமிருந்தும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலை கொடுப்பவர் மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். கொழும்பில் எனக்குத் தெரிந்த ஓர் ஆலயத்தில், விடியற்காலையில் கதவு திறந்து, வாங்குகளைத் துடைத்து, மணியடித்து, மழை பெய்தால் ஒழுக்குக்கு வாளி வைத்து, இருபத்திரண்டு வருடம் வேலை செய்த ஒருவர் இருந்தார். மாதம் முடிந்ததும் அவர் கையில் ஒரு பழுப்பு உறை கொடுக்கப்படும்; அதன் மேல் நீல மையில் ‘அன்பளிப்பு’ என்று எழுதியிருக்கும். சம்பளம் என்று எழுதினால் நிதியத்துக்குக் கட்ட வேண்டிவரும் என்பது எழுதிய கைக்குத் தெரியும். அவர் விலகிய அன்று பொன்னாடை போர்த்தி, ‘ஆண்டவருடைய உண்மையுள்ள ஊழியக்காரர்’ என்று பொறித்த கேடயம் ஒன்றையும் கொடுத்தார்கள். சிறு தர்ம ஸ்தாபனங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று அந்தச் சபையின் பொருளாளர் என்னிடம் வாதாடினார். விலக்கு இருக்கட்டும், முதுமையில் அந்த மனிதர் சாப்பிடுவதற்கு என்ன வழி என்று கேட்டேன். ஜெபிப்போம் என்றார். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைப் பற்றி முன்பும் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்போது ஒரு சபைத் தலைவர், காணிக்கைக்குக் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று மூன்று பக்கக் கடிதம் அனுப்பினார். அவருக்கு அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் தீத்துவோடு சேர்த்து அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணமும் எழுதிவைத்தார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட சாட்சி நம்முடைய போதகர்களுக்கு மட்டும் எப்படித் தேவையில்லாமல் போகும்?

ஆகவே, அம்மா, நிவாரணப் பொதியோடு எடுத்த படத்தைப் பார்த்து நீங்கள் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. நல்லவர்களும் படம் எடுக்கிறார்கள். கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டிய கடமையும் சிலருக்கு இருக்கிறது. உங்கள் சபையின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கணக்கறிக்கை கைக்கு வந்ததும், ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவருக்குக் கொடுக்கும் பணம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு எழுந்து நின்று, அவருடைய பெயரில் சேமலாப நிதியத்தின் ‘பி’ அட்டை, அதாவது அங்கத்தவர் அட்டை, இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பிரசுரிக்கிறேன்.