அவருக்கு வந்திருப்பது சமாதானமா?

ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

எங்களுக்கு ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. எனக்கு 47 வயது, கணவருக்கு 53. ஜவுளிக்கடை வைத்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு எங்கள் கடைக்குள் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஈரோட்டிலிருந்து கடனுக்கு எடுத்து வந்த சரக்கு, கட்டுப் பிரிக்காமலே சேற்றுக்குள் போனது. தண்ணீர் வடிந்த பிறகு சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். மடிப்புக்கு மடிப்பு வண்டல்.

சபையில் நிவாரணப் பட்டியல் போட்டார்கள். அதில் எங்கள் பெயர் இல்லை. "கடைக்காரர்களுக்கு என்ன குறை?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். இருபது வருடமாக சபை விருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை அனுப்பிய வீடு ஐயா இது. கணவரின் தம்பி கொடுத்த கடனைக் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டார். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று சோதித்துப் பாருங்கள்" என்றார். நான் என்ன பாவம் செய்தேன்? பட்டியலில் பெயர் போடாதவர்கள் அல்லவா சோதித்துப் பார்க்க வேண்டும்?

அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் எங்களுக்கு வந்த வாக்குத்தத்தம், "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." அவர் அதை லேமினேட் செய்து கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருந்தார். கடையில் எல்லாம் போனது, அந்த அட்டை மட்டும் கெடவில்லை. அதைப் பெயர்த்தெடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனார். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. விசுவாசத்தில் குறைந்துபோனீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன்.

அதற்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது. இரண்டு வருடமாக இரவெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தவர், மூன்று வாரமாக அமைதியாகிவிட்டார். எரிச்சல் இல்லை, சண்டை இல்லை. மூத்தவனை உட்காரவைத்து வீட்டுப் பத்திரம், காப்பீட்டுப் பத்திரம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். தன் கைக்கடிகாரத்தையும் அவன் கையில் கட்டிவிட்டார். அந்த அளவுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது. அந்தச் சமாதானம் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? கோயிலுக்குள் நுழைந்தாலே அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. நான் என்ன செய்யட்டும்?

*

அன்புச் சகோதரிக்கு,

நிவாரணப் பட்டியல் உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. கைக்கடிகாரம் ஒரே இடத்தில். நான் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் கடிதம் வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். வேறு வீடுகளுக்கும் உதவட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

கடன் அப்படியே இருக்கிறது. கடை திறக்கவில்லை. இரண்டு வருடம் தூக்கமில்லாமல் தவித்தவர் திடீரென்று அமைதியாகி, கணக்கு வழக்கை மகனிடம் ஒப்படைத்து, கையில் கிடந்ததையும் கழற்றிக் கொடுக்கிறார். இதைப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செத்துவிடுவது என்று முடிவுக்கு வந்தவர்களுக்கும் இப்படி ஓர் அமைதி வருவதுண்டு. நேராகக் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கியதாகிவிடாதா என்று பயந்தீர்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. அன்று இரவு கேட்டீர்கள். "அத்தான், செத்துப்போகலாம் என்று நினைக்கிறீர்களா?" வெகுநேரம் கழித்து அவர் தலையசைத்தார் என்று சொன்னபோது உங்கள் குரல் நடுங்கியது. ஆனால் மறுநாள் காலையிலேயே மூத்தவனோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போய்விட்டீர்கள். இத்தனை மாத உபவாசத்தைவிட அந்தப் பஸ் பயணம் பெரியது.

மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்போதைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். நடு இரவில் பயமாக இருந்தால் 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். ஜெபக்குழு அக்கா உங்களிடம் சொன்னதைத்தான் நீங்கள் வேறு வார்த்தையில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "மறைவான பாவம்" என்ற சொல் உங்களை எப்படிச் சுட்டது! "விசுவாசத்தில் குறைந்துபோனீர்கள்" என்பதும் அதே சூடுதான். அதை அவர் தினம் வாங்கியிருக்கிறார்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப் பண்ணியவர். அவரும் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். அப்போது வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் தூதன் கோபிக்கவில்லை, இரண்டாம் தரமும் வந்து எழுப்பினான். சாவைக் கேட்ட மனிதருக்கு வேதம் முதலில் கொடுப்பது சாப்பாடும் தூக்கமும். ஐந்தாம் வகுப்பு ஓய்வுநாள் பள்ளியில் படித்த கதை இது. நம் வீட்டில் ஒருவர் அந்தச் செடியின் கீழ் உட்காரும்போது மறந்துபோகிறோம்.

எனக்கு ஏன் சமாதானம் வரவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் தேடுவது எதுவுமே கலங்காத ஒரு நிலை என்று நினைக்கிறேன். யோவான் 14ஆம் அதிகாரத்தை வைத்து அதைத் தேடுகிறீர்கள்: "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன், உங்கள் இருதயம் கலங்காமலும் பயப்படாமலும் இருப்பதாக." சற்றுப் பின்னால் புரட்டுங்கள். 11ஆம் அதிகாரத்தில், இறந்துபோன லாசருவுக்காக அழுகிறவர்களைப் பார்த்து இயேசு கலங்குகிறார். 12இல் "இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது, நான் என்ன சொல்லுவேன்?" என்கிறார். 13இல் பந்தியில் இருக்கும்போதே ஆவியிலே கலங்குகிறார். மூன்று அதிகாரத்தில் மூன்று முறை கலங்கியவர், நாலாவதில் "என்னுடைய சமாதானம்" என்கிறார். அவருடைய சமாதானத்துக்குள் அந்தக் கலக்கத்துக்கும் இடம் இருந்தது. நீங்கள் உங்களுடையதை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

பட்டியல் விஷயத்தில் உங்களுக்கு அநியாயம் நடந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடமாக அது ஏன் ஆறவில்லை? கமிட்டியின் மேல் கோபப்படலாம், கர்த்தர் மேல் கோபப்படக் கூடாது என்று நினைக்கிறீர்கள். ஆறு புரளாது என்று வாக்கு வந்தது, ஆறு புரண்டது. அந்தக் கேள்வியை உங்கள் கணவர் அட்டையைப் பெயர்த்துக் கேட்டுவிட்டார். நீங்கள் கேட்கப் பயந்து, எல்லாவற்றையும் அந்தப் பட்டியல் மேல் போட்டுவிட்டீர்கள். கர்த்தருடைய பட்டியலிலும் நம் பெயர் இல்லையோ என்ற பயம்தான் உங்களைக் கோயில் வாசலில் மறிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அப்படிக் கேட்டவரை யாரும் விசுவாசமற்றவர் என்று சொல்லவில்லை. அவர் கேட்டதைப் பாட்டாக வைத்து சபைகள் பாடுகின்றன.

அட்டை உங்கள் பைபிளுக்குள் இருக்கிறது என்றீர்கள். அங்கேயே இருக்கட்டும், மறுபடியும் சுவரில் ஒட்ட அவசரப்பட வேண்டாம். இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அந்தச் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். அவர் அடுத்த அறையில் படுத்திருந்தாலும் காதில் விழும். வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கைக்கடிகாரத்தை மூத்தவனே அப்பாவின் கையில் திரும்பக் கட்டிவிடட்டும். சனிக்கிழமை காலை அழைக்கிறேன். அவரும் பேசச் சம்மதித்தால், போனை அவரிடமே கொடுங்கள்.