சொரசொர கிளாடிங்ல பெயிண்ட் நிக்குமா?

கேள்வி: வணக்கம் சார். என்கிட்ட வெள்ளை பிக்கப் ஒண்ணு இருக்கு, வருஷக்கணக்கா வெயில்லயே நிக்குது. சக்கரத்துக்கு மேல வர்ற கிளாடிங், முன் பம்பரோட கீழ்ப்பாதி எல்லாம் சொரசொரன்னு கறுப்பு பிளாஸ்டிக், இப்ப சாம்பல் பூத்து வெளிறிப்போச்சு. தேய்ச்சு வழவழன்னு ஆக்கி பாடி கலர்லயே அடிச்சிடலாம்னு ஒரு பீஸ மட்டும் பெயிண்டர்கிட்ட குடுத்து பாத்தேன், கொஞ்ச நாள்லயே வாட்டர் வாஷ்ல பாளம் பாளமா உரிஞ்சு வந்துடுச்சு. எங்க தப்பு நடந்துச்சு?
– வாசகர், ராசிபுரம்

பதில்: பெயிண்ட் மட்டம்னு நினைக்காதீங்க, இந்த மாதிரி பாளமா உரிஞ்சா கோளாறு பெரும்பாலும் அடியிலதான். கிளாடிங், பம்பர் எல்லாம் முக்காவாசி பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக் சேர் பண்றாங்களே அதே இனம், அடிபட்டா உடையாம வளையணும்னு கொஞ்சம் ரப்பர் சேர்த்திருப்பாங்க. இதுமேல தண்ணியே பரவாம முத்து முத்தா நிக்கும், அப்புறம் சாதா பிரைமர் எங்க போய் பிடிக்கும்? பீஸ கழட்டி பின்பக்கம் பாருங்க, அச்சுலயே எழுத்து இருக்கும். பிபின்னோ (பாலிபுரோப்பிலீனோட சுருக்கம்) பிபி ப்ளஸ் இபிடிஎம்னோ (இபிடிஎம்ங்கிறது அந்த ரப்பர்) இருந்தா நான் சொல்ற ஆளு இவர்தான் (கூடவே டி20ன்னு இருந்தா 20 சதவீதம் டால்க்ங்கிற கல்லுப்பொடி கலந்ததுன்னு அர்த்தம்). ஏபிஎஸ்னு இருந்தா அது வேற பிளாஸ்டிக், வேலை பாதி மிச்சம், அதுல பெயிண்ட் நல்லாவே பிடிக்கும்.

பிபிக்கு அட்ஹீஷன் புரமோட்டர்னு, பிரைமர் பிளாஸ்டிக்க பிடிச்சுக்க முதல்ல அடிக்கிற ஒரு ஐட்டம் இருக்கு, கார் பெயிண்ட் கடையில கேட்டா குடுப்பாங்க, தண்ணி மாதிரி இருக்கும், விலை கொஞ்சம் கடிக்கும், அதனாலயே நிறைய பேர் இத விட்டுட்டு நேரா பிரைமருக்கு போயிடறாங்க. உங்க பீஸ்லயும் அதான் நடந்திருக்கும்னு தோணுது.

இன்னொண்ணு, இத்தனை வருஷத்துல டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ்னு ஏதாவது அந்த கறுப்புல தடவியிருப்பீங்க இல்ல? அதுல பலதுல சிலிக்கான் இருக்கு. அது சொரசொரப்போட பள்ளத்துல போய் உக்காந்துக்கும், அப்படியே பேப்பர் போட்டு தேய்ச்சா இன்னும் உள்ள ஏத்திவிட்ட கதைதான், மேல அடிக்கிற பெயிண்ட் குட்டி குட்டி வட்டமா விலகி குழி விழும். அதனால தேய்க்கிறதுக்கு முன்னாடியே பாத்திரம் தேய்க்கிற லிக்விட், ஸ்காட்ச் பிரைட் போட்டு நல்லா கழுவி, காய்ஞ்சதும் கிரீஸ் எடுக்கிற சால்வென்ட்ல சுத்தமான துணியால துடைங்க. தேய்ச்ச பிறகு மறுபடி ஒரு தடவை.

இப்ப தேய்க்கிற வேலை. 180 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சா மேடு மழுங்கி வெளிறி தெரியும், பள்ளம் மட்டும் கறுப்பா புள்ளி புள்ளியா நிக்கும். அந்த புள்ளியும் போகட்டும்னு விடாம தேய்க்காதீங்க, சூடேறினா இந்த பிளாஸ்டிக் இழை இழையா முடி மாதிரி எந்திரிச்சுக்கும், அப்புறம் அது பெயிண்ட்ல துருத்திக்கிட்டு நிக்கும். தண்ணி விட்டு தேய்ச்சா இந்த தொல்லை குறையும். மேடு மழுங்கினா போதும், 320 போட்டு நிறுத்துங்க, பள்ளத்த ரொப்புறது பிரைமரோட வேலை. புரமோட்டர் ரெண்டு மெல்லிசு கோட்டிங், டப்பால போட்டிருக்கிற நேரத்துக்குள்ளயே ஹை பில்ட் பிரைமர் (பள்ளத்த ரொப்புற கெட்டி வகை) ரெண்டு மூணு கோட்டிங், ஹார்டனர் கலக்குற வகைதான், கூடவே வளைஞ்சா விரிசல் விடாம இருக்க கலக்குற ஃப்ளெக்ஸ் அடிட்டிவ். ஆழமான டிசைனா இருந்தா பிளாஸ்டிக்குக்குன்னு வர்ற வளையிற பட்டிய மெல்லிசா இழுங்க, தகரத்துக்கு போடுற சாதா பட்டி பம்பர் லேசா வளைஞ்சாலே விரிசல் விடும். பிரைமர் நல்லா காய்ஞ்சதும் 400, அப்புறம் 600 வாட்டர் பேப்பர். இந்த இடத்துலதான் அனுபவஸ்தங்களும் கோட்ட விடுவாங்க, ஓரத்துல தேய்ச்சு எங்கயாவது பிளாஸ்டிக் எட்டிப் பாத்துச்சுன்னா அந்த இடத்துக்கு மறுபடி புரமோட்டர், மறுபடி பிரைமர். இல்லனா உரியிறது அங்கருந்துதான் ஆரம்பிக்கும். அப்புறம் கலர், கிளியர் கோட் வழக்கம்போல.

ஹார்டனர் கலந்தத ஸ்ப்ரே பண்ணும்போது கர்ச்சீஃப் கட்டிக்கிட்டு நிக்காதீங்க, அதுல ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் இருக்கு, ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். அத பெயிண்டிங் பூத் இருக்கிற இடத்துல குடுக்கிறதே நல்லது, கழுவுறதும் தேய்க்கிறதும் நீங்க பண்ணிக்கலாம்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், வண்டி ஜல்லி ரோட்டுக்கு போகுதா? அந்த சொரசொரப்ப வச்சதே கல்லு பட்ட கீறல் தெரியாம இருக்கத்தான். வெள்ளை அடிச்சா ஒவ்வொரு கல்லும் கறுப்பு புள்ளியா தெரியும். நானா இருந்தா மேல் கிளாடிங்க மட்டும் வழவழப்பாக்கிட்டு பம்பர் கீழ்ப்பாதிய தேய்க்காம புரமோட்டர் போட்டு மேட் கறுப்பு அடிச்சு விட்டுருவேன்.

கேள்வி: வெளிறின கிளாடிங்ல ஹீட் கன் (சூடு காத்து அடிக்கிற மெஷின்) காட்டினா பெயிண்டே இல்லாம கறுப்பு திரும்ப வந்துடும்ங்கிறாங்களே, நெஜமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வரும்மா, அன்னைக்கு பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். வெயில்ல மக்கின மேல்தோல் உருகி படியுறதால வர்ற கறுப்பு அது, சில மாசத்துல திரும்ப வெளிறும், ஒவ்வொரு தடவையும் பலன் குறைஞ்சுக்கிட்டே போகும். ஒரே இடத்துல கன்ன நிறுத்தினா டிசைன் அழிஞ்சு பளபளன்னு திட்டு விழும், அத திரும்ப கொண்டுவர வழி இல்ல. பக்கத்துல பாடி பெயிண்ட் இருந்தா அதுவும் பொங்கிடும், அதனால பீஸ கழட்டி வச்சு காட்டுங்க.