நாலு மூலையும் பாரு! – வாசகர் கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தவர். படிக்கும்போதே கல்யாண வீடுகளில் கேமராவோடு அலைந்தவர். பிறகு பதினோரு வருஷம் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். இப்போது கல்லூரிகளில் முதலுதவி சொல்லிக் கொடுக்கிறார். சென்ற இதழில் வந்த பேட்டியைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் எழுதுகிறார்.

நான் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. முகூர்த்த நாட்களில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போகிறேன். "ஒண்ணு ஒழுங்காப் படி, இல்ல கேமராவைக் கட்டிக்கிட்டு அழு" என்கிறார் அம்மா. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

சமாளித்தேன் என்று யார் சொன்னது? மூன்றாம் செமஸ்டரில் துணைப்பாடமான வேதியியலில் அரியர் வைத்தவன் நான். நவம்பர் பரீட்சையும் ஐப்பசி முகூர்த்தமும் ஒரே சமயத்தில்தான் வந்து தொலைக்கும். முதல்நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு, விடியற்காலை தாலி கட்டு, பத்து மணிக்குப் பரீட்சை ஹாலில் பென்சீன் வளையம். வளையத்துக்குள் மணமக்கள் மாலையோடு நிற்பதுபோல் தெரிந்தது. முப்பத்திரண்டு மார்க்.

2006-ல் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பா தவறிய மறுவருஷம் அது. பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சி என்னை லைட் பாயாகச் சேர்த்துக்கொண்டார். வீடியோக்காரருக்குப் பக்கத்தில் சன்கன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பதுதான் வேலை. ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன். ஒரு கல்யாணத்துக்கு 150 ரூபாய், பந்தியில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வகத்தில் கையில் ஏறிய ஃபார்மலின் வாடை, எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் ராத்திரி ரசம் சாதத்தில் வந்து நிற்கும். அந்த ரசத்தை இன்றைக்கும் என்னால் ரசித்துச் சாப்பிட முடிவதில்லை.

ஒரு வருஷம் விளக்குப் பிடித்த பிறகுதான் கேமரா கைக்கு வந்தது. நிக்கான் டி80. பிலிம் ரோலில் முப்பத்தாறு படத்தை எண்ணி எண்ணி எடுத்துப் பழகியவர் அண்ணாச்சி. டிஜிட்டல் வந்ததும் நாங்கள் படபடவென்று அடித்துத் தள்ளுவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். "ஏல, படம் எடுக்கதுக்கு முன்னால நாலு மூலையும் பாருல. நடுவுல பொண்ணு மாப்ள இருக்கது எல்லாருக்கும் தெரியும். மூலையில எவன் மூக்க நோண்டிட்டு நிக்கான்னு நீதான் பாக்கணும்" என்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு கேள்வியில் திரும்ப வரும்.

சரி, உங்கள் விஷயம். பரீட்சை அட்டவணை ஒட்டிய அன்றைக்கே அதை எழுதிக்கொண்டு போய் ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அரியர் வைத்த பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. தியரி வகுப்பு போனால் சிநேகிதன் நோட்டைப் பார்த்துத் தேற்றிக்கொள்ளலாம், பிராக்டிகல் போனால் போனதுதான். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிய்க்காமல் எடுத்து ஸ்லைடில் வரிசையாக வைக்க, அடுத்தவன் நோட்டில் வழி இல்லை. ரெக்கார்டு நோட்டை ஆடியிலும் மார்கழியிலும் முடித்துவிடுங்கள். அந்த மாதங்களில் கல்யாணம் கிடையாது, கையில் காசும் கிடையாது, வேறு என்ன செய்யப் போகிறீர்கள்? அப்புறம், அம்மாவிடம் "கொஞ்ச நாள்தான்" என்று சொல்லாதீர்கள். இந்த மாதம் நாலு நாள், இன்ன தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். என் அம்மா காலண்டரைப் பார்த்துத்தான் சமாதானமானாள்.

பாராமெடிக்கல் படித்தால் ஆம்புலன்ஸில் வேலை கிடைக்குமா? அதற்கென்று தனிப் படிப்பு உண்டா?
– பிளஸ் டூ மாணவி, கோவில்பட்டி

நம் ஊரில் இந்தச் சொல் ஒரு பெரிய சாக்குப் பை. லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கட்டிவிடுவோம். வெளிநாட்டில் பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறவர். அதனால் எந்தக் கல்லூரியில் விசாரித்தாலும் பாடத்தின் முழுப் பெயரைக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பி.எஸ்சி. மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷம் மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும்.

நான் அந்த வழியில் வந்தவன் இல்லை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதன் மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங், டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, பார்மசி படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மாதிரி உயிரியல் சார்ந்த பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு, முதலுதவியும் உடற்கூறியலும் கேட்பார்கள், அப்புறம் நேர்காணல். தேர்வானால் ஐம்பது நாள் அளவுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று பயிற்சி. வண்டி ஓட்டுகிறவரை நாங்கள் டிரைவர் என்று சொல்ல மாட்டோம், பைலட் என்போம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

ஒரு எச்சரிக்கை. "ஆறே மாதத்தில் சான்றிதழ், வேலை உறுதி" என்று பஸ் முதுகில் விளம்பரம் பார்த்தால், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடுகிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வருகிறது. இந்தத் துறை எனக்குச் சரிப்படுமா?
– பெயர் வேண்டாம், தென்காசி

பயிற்சியின் முதல் வாரம் அவசரப் பிரிவில், ஒருவர் புருவத்தில் தையல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் சரிந்து விழுந்திருக்கிறேன். ரத்தம்கூட அதிகமில்லை. ஊசி தோலுக்குள் போய் வெளியே வரும் அந்த இழுப்புத்தான். கண் விழித்தால் கால் இரண்டும் நாற்காலி மேல். ஒரு சிஸ்டர் குனிந்து பார்த்து, "காலைல சாப்ட்டியா தம்பி?" என்றார். சாப்பிடவில்லை.

அதிர்ச்சியான ஒன்றைப் பார்த்ததும் சிலருக்கு இதயத்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் மயக்கம். படுத்தால் ரத்தம் தலைக்கு வந்துவிடும், தெளிந்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள். கண் இருட்டுவதுபோல் இருந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பழகப் பழகக் குறைந்துவிடும். கையில் ஏதாவது வேலை இருந்தால் எனக்கு வருவதே இல்லை, சும்மா வேடிக்கை பார்த்தால்தான் வரும்.

"பூரானுக்கு எத்தனை கால் என்று படித்து என்ன சார் ஆகப் போகிறது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸில் விலங்கியலும் போட்டோகிராபியும் உங்களுக்கு உண்மையிலேயே உதவினவா?
– ஓய்வுபெறப் போகும் ஆசிரியர், சிவகாசி

பூரான் உதவவில்லை ஐயா. ஒளி உதவியது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இரண்டு விளக்கு. ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஏறாத ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். நாடி துடிக்கும்போது மாறுகிற பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டால் சதவீதம் வந்துவிடும். இந்த யோசனை 1970-களில் ஜப்பான் பொறியாளர் டகுவோ அவோயாகிக்கு வந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது மற்றவர்கள் முழித்தார்கள். எனக்கு அது நிறத்தை அளக்கும் ஒரு குட்டிக் கேமரா, அவ்வளவுதான். ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் மணப்பெண் மயங்கி விழுந்துவிட்டாள். விரலில் மாட்டினால் எண் தாறுமாறாக ஓடுகிறது. அடர்ந்த மருதாணியும் நகப்பூச்சும் ஒளியை மறிக்கும். நான் காது மடலில் வைத்துப் பார்த்தேன், 98. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பெண், வேறொன்றும் இல்லை.

எங்கள் பேராசிரியர் ஒருவர் நரம்பு செல் படத்தைப் போர்டில் வரைந்துவிட்டு, இதை உலகத்துக்குக் காட்டியவர் ஸ்பெயின்காரர் கஹால் என்பார். இளம் வயதில் கியூபாவில் ராணுவ மருத்துவராக இருந்து மலேரியாவில் படுத்தவர். போட்டோ பைத்தியம். 1912-ல் வண்ணப் புகைப்படம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இத்தாலிக்காரர் கால்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தைப் பயன்படுத்தித்தான் நரம்பு செல்களைத் தெளிவாகப் பார்த்தார். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. பிலிமில் இருப்பதும் வெள்ளி உப்புதானே! கல்யாணமும் கரப்பான்பூச்சியுமாக அலைந்துகொண்டிருந்த எனக்கு, நான் ஒன்றும் கோட்டி பிடித்து அலையவில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது அந்த வகுப்பில்தான்.

இப்போது அண்ணாச்சியின் மூலைக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த முதல் வருஷம். நான்குவழிச் சாலையில் ராத்திரி பதினொன்றரைக்கு பைக் விபத்து. இரண்டு பையன்கள் ரோட்டில் கிடந்தார்கள். ஒருவன் கத்துகிறான், இன்னொருவனிடம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாதவனிடம்தான் முதலில் போக வேண்டும் என்பது பயிற்சியில் அடித்துச் சொல்லித் தந்த பாடம். கழுத்துப் பட்டை மாட்டி, முதுகெலும்பு அசையாமல் தூக்க உதவும் ஸ்பைன் போர்டில் ஏற்றியாயிற்று. இரண்டு பேரையும் வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தப் போகும்போது பழக்க தோஷத்தில் ஒரு தடவை நாலு மூலையும் பார்த்தேன். ரோட்டில் செருப்பு கிடந்தது. எண்ணினேன், ஐந்து. இரண்டு பேருக்கு எப்படி ஐந்து செருப்பு?

பைலட்டைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினோம். கருவேல முள்ளுக்குள் மூன்றாவது பையன் கிடந்தான், தொடை எலும்பு முறிந்து. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். முள் குத்திய தடம் என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? ராத்திரி ஷிப்ட் என்று அப்பா தயங்குகிறார்.
– மாணவி, அம்பாசமுத்திரம்

தாராளமாக. என்னோடு வேலை பார்த்தவர்களில் பெண்கள் பலர். பிரசவக் கேஸ் என்றால் அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்குப் பாதித் தெம்பு வந்துவிடும். ஸ்ட்ரெச்சர் தூக்குவது பலத்தைவிட முறை சார்ந்தது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். அப்பாவை ஒருநாள் பக்கத்தில் இருக்கும் 108 வண்டிக்குக் கூட்டிப்போய், அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் பேசவிடுங்கள். நான் பத்திரிகையில் எழுதுவதை அவர் எதற்கு நம்ப வேண்டும்?

இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் பயிற்சி (சி.பி.ஆர்.) எடுத்தேன். வேகம் சரியாக வரவில்லை என்று திட்டு வாங்கினேன். என்ன கணக்கு?
– என்.எஸ்.எஸ். மாணவர், நாகர்கோவில்

நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. ஆழம் பெரியவர்களுக்கு ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் போவார்கள். "என்ன, கெட்டிமேளமா வாசிக்க?" என்று என் பயிற்சியாளர் முதுகில் தட்டுவார்.

புதிதாகக் கேமரா வாங்க வேண்டும். எந்த மாடல்?
– மாணவர், தூத்துக்குடி

முதலில் ஆறு மாதம் யாருக்காவது விளக்குப் பிடியுங்கள். அதற்குள் இரண்டு மாடல் மலிந்துவிடும்.

விபத்து நடந்த இடத்தில் எப்போதாவது படம் எடுத்திருக்கிறீர்களா?
– வாசகி, மதுரை

எடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் "வண்டி எப்படி இருந்தது?" என்று கேட்பார். ஸ்டியரிங் வளைந்திருந்தால் நெஞ்சுக்குள் அடி இருக்கலாம், கண்ணாடி நட்சத்திரம்போல் விரிசல் விட்டிருந்தால் தலையைச் சந்தேகப்பட வேண்டும். அதை மனசில் படமாகப் பிடித்துப்போய் வாயால் சொல்லிவிடுவேன். அடிபட்டவன் சட்டை கிழிந்து கிடக்கும்போது அவனிடம் அனுமதி கேட்க முடியாது. கேட்காமல் எடுக்க எனக்கு மனசு வராது.

சுற்றி நின்று செல்போனில் வீடியோ எடுப்பவர்கள்மேல் முதலில் எரிந்து விழுவேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். "தம்பி, அந்த டார்ச்சப் போட்டு இங்க பிடிங்க. கொஞ்சம் மேல. முகத்துல அடிக்காதீங்க, கையில அடிங்க." வீடியோ நின்றுவிடும், வெளிச்சம் வந்துவிடும். லைட் பாயாக இருந்தவனுக்கு வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று சொல்லத் தெரியாதா? உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது.

ஆம்புலன்ஸ் வேலையில், விபத்து இல்லாத ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறேன். ஒரு மார்கழி விடியற்காலை, ஆஸ்பத்திரி போய்ச் சேர இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது பிரசவ வலி முற்றிவிட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். பெண் குழந்தை. தொப்புள்கொடியில் இரண்டு கிளாம்ப் போட்டு வெட்டி, துடைத்து, துணி சுற்றி அம்மாவின் நெஞ்சில் வைத்தாயிற்று. கையுறையைக் கழற்றியதும் தகப்பன் தன் செல்போனை நீட்டினார். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துத் தாங்கண்ணே." எத்தனையோ கல்யாணம் எடுத்த கை அது, அன்றைக்கு நடுங்கியது. அந்தப் படத்தை அவர்கள் பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். காதுகுத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன். லேசாக ஆடிப்போயிருந்தது. இடது மூலையில் என் கட்டைவிரல்.