செல் சவ்வில் ஒற்றை மூலக்கூறைப் பின்தொடர்வது: டெல்டா வாசகர்களின் கேள்விகள், தஞ்சாவூரிலிருந்து பதில்கள்

கும்பகோணம், பிளஸ் டூ மாணவி: அக்கா, மைக்ராஸ்கோப்பில் 200 நானோமீட்டருக்குக் கீழே தெளிவாகத் தெரியாது என்று படித்தோம். புரதம் அதைவிடச் சின்னதாயிற்றே?

படித்தது சரிதான்மா. ஆனால் அந்த வரம்பு, ஒட்டி நிற்கும் இரண்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு. ஒன்று மட்டும் தனியாக ஒளிர்ந்தால் மங்கலான புள்ளியாக விழும், அதன் நடு எங்கே என்பதைக் கணக்குப் போட்டு 20 நானோமீட்டருக்குள் சொல்லிவிடலாம். அதிலிருந்து வந்து சேரும் ஒளித்துகள் (போட்டான்) நான்கு மடங்கானால் பிழை பாதியாகும். புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடாது என்றுதான் வெகு சில மூலக்கூறுகளுக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஒட்டுகிறோம்.

மன்னார்குடி, இயற்பியல் ஆசிரியர்: அது ஒரே மூலக்கூறுதான் என்று எப்படி நிச்சயம்?

அணைகிற விதத்தைப் பாருங்கள், சார். லேசர் பட்டுப் பட்டுச் சாயம் கெட்டுப்போகும். பல இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒன்றுதான் என்றால் ஒரே அளவில் எரிந்துகொண்டிருந்து, ஒரே பிரேமில் பட்டென்று போய்விடும், வரைபடத்தில் ஒற்றைப் படி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

மயிலாடுதுறை வாசகர்: சவ்வு எண்ணெய் மாதிரி இளகியது என்கிறார்கள். அப்படியானால் மூலக்கூறு இஷ்டத்துக்கு ஓடாதா?

சிங்கர், நிக்கல்சன் என்ற விஞ்ஞானிகள் 1972-ல் தந்த படம் அதுதான். செயற்கைச் சவ்வில் ஓடத்தான் ஓடுகிறது. உயிருள்ள செல்லில் மட்டும் பல மடங்கு மெதுவாகிவிடுகிறது, ஏன் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2002-ல் ஜப்பானில் குசுமி குழுவினர் 40 நானோமீட்டர் தங்கத்துகளை லிப்பிடில், அதாவது சவ்வின் கொழுப்பு மூலக்கூறில், ஒட்டி, நொடிக்கு 40,000 படம் எடுத்தார்கள். எலிச் சிறுநீரகச் செல்லில் லிப்பிட் சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள அறைக்குள் வேகமாகச் சுற்றுகிறது, சராசரியாக 11 மில்லிநொடிக்கு ஒருமுறை பக்கத்து அறைக்குத் தாவுகிறது. வயலுக்குள்ளேயே துள்ளிக்கொண்டிருக்கும் தவளை எப்போதாவது வரப்பைத் தாண்டுவது மாதிரி. சவ்வுக்கு அடியில் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையும், அதில் பிணைந்து நிற்கும் புரதங்களும்தான் தடுப்பு. நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் இந்தத் தாவல் தெரியவே தெரியாது, ஏதோ மெதுவாக ஊர்கிற மாதிரிதான் இருக்கும். சராசரி அப்படித்தான் உண்மையை மூடிவிடுகிறது. ஆனால் ஒன்று, ஒட்டிய பெரிய தங்கத்துகளே மூலக்கூறை இழுத்துப் பிடிக்கிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. சின்னச் சாயத்தோடு ஒப்பிடாத தடத்தை நான் நம்பமாட்டேன்.

நாகப்பட்டினம், செவிலியர்: இதனால் மருத்துவத்துக்கு என்ன பயன்?

2003-ல் குவாண்டம் டாட் என்ற ஒளிரும் நுண்துகளை ஒட்டிப் பார்த்தபோது, நரம்புச் செல்லில் கிளைசின் என்ற செய்தி வேதிப்பொருளைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள், இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் சினாப்ஸுக்குள் போவதும் வெளியே வருவதும் நேரடியாகத் தெரிந்தது. நரம்புச் செய்தியின் பலம் அதைப் பொறுத்தது. நாளைக்கே மருந்து வரும் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

திருவாரூர், எம்.எஸ்ஸி. மாணவர்: எங்கள் கல்லூரியில் லேசர் மைக்ராஸ்கோப் கிடையாது. எங்கே தொடங்குவது?

பாலில் தொடங்குங்கள், தம்பி. ஒரு சொட்டுப் பாலை நிறையத் தண்ணீரில் கலந்து, கவர் ஸ்லிப் மூடி, 40 எக்ஸ் லென்ஸில் போனை வைத்துப் படம் எடுங்கள், கொழுப்புத் துளிகள் நடுங்குவது தெரியும். பிரெஞ்சு இயற்பியலாளர் பெரின் நூறு வருஷத்துக்கு முன்னால் 30 நொடிக்கு ஒருமுறை துகளின் இடத்தைக் குறித்துவைத்துச் செய்த வேலையை இப்போது டிராக்மேட் என்ற கணினி மென்பொருள் இலவசமாகச் செய்கிறது. நகர்ந்த தூரத்தின் வர்க்கச் சராசரி நேரத்தோடு நேர்கோடாக ஏறினால் தடையில்லாத விரவல் (தானாகப் பரவுவது), வளைந்து படுத்தால் ஏதோ அடைத்துவைத்திருக்கிறது. கவர் ஸ்லிப்பின் ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாகி எல்லாத் துளியும் ஒரே பக்கம் ஓடும். அப்புறம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாத துளி ஒன்றை முதலில் அளந்துகொள்ளுங்கள், அதில் வருகிற நடுக்கம்தான் உங்கள் அளவீட்டின் பிழை.