சோழிங்கநல்லூர் போகவா, பாளையங்கோட்டையிலேயே இருக்கவா?

கேள்வி: எனக்கு 26 வயது. மென்பொருள் வேலையில் சேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளாகப் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள். இன்னொரு கம்பெனியில் முழுக்க வீட்டிலிருந்தே வேலை. ஆனால் ஆண்டுக்கு 90,000 ரூபாய் குறைவு. எதை எடுப்பது?

பதில்: பணக் கணக்கு சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். 90,000 என்பது மாதம் 7,500. சென்னையில் பிஜி வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போவது எல்லாம் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். வாடகை ரசீது காட்டி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த விலக்கு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் கிடையாது. ஆனால் அதில் 2025-26 முதல் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரியே இல்லை. உங்கள் சம்பளம் அதற்குள் என்றால் ரசீதுக்கு வேலையில்லை. ஆக, கையில் காசு நிற்க வேண்டுமென்றால் வீடுதான்.

ஆனால் 26 வயதில் காசை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் 2010-11-ல் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமின் குழு ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தியது. வீட்டிலிருந்த கால் சென்டர் ஊழியர்கள் 13% கூடுதலாக வேலை செய்தார்கள். அப்படியிருந்தும், அதே அளவு வேலை செய்த அலுவலகக்காரர்களைவிட அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. பின்னர் அதே நிறுவனத்தில் சுமார் 1,600 பேரிடம் இன்னொரு சோதனை நடந்து, முடிவு 2024-ல் வெளிவந்தது. மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்றிருந்தவர்களுக்குப் பதவி உயர்வில் எந்தக் குறையும் இல்லை. வேலையை விட்டுப் போவதும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உங்களிடம் கேட்பதும் இதே மூன்று நாள்தான்.

உடனே பெட்டியைக் கட்டிவிட வேண்டாம். உங்கள் லீடும் டீமும் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் சோழிங்கநல்லூரில் இருந்தால் ஓரிரு வருடமாவது போங்கள்; கோடு எழுதும்போது பக்கத்திலிருந்து ஒருவர் திருத்துவது இந்த வயதில்தான் அதிகம் பயன்படும். டீம் பெங்களூருவிலும் நொய்டாவிலும் சிதறிக் கிடந்தால், சென்னைக்கு வந்தும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டீம்ஸ் காலில்தான் இருப்பீர்கள். அதற்கு எதற்கு வாடகை?

அப்படியென்றால் புதிய வேலைக்குப் போகலாம், ஆஃபர் லெட்டரைப் படித்த பிறகு. பணியிடம் என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறதா, சென்னை என்று போட்டுவிட்டு 'வீட்டிலிருந்து வேலை' என்பதை ஹெச்ஆர் மெயிலில் மட்டும் சொல்லியிருக்கிறார்களா? மெயிலில் மட்டும் என்றால் நாளைக்கு அவர்களும் கூப்பிடுவார்கள். பிஎஃப் இல்லை என்றால் அது ஒப்பந்த வேலையாக இருக்கலாம்; அப்போது 90,000 குறைவு என்ற கணக்கே தப்பு, இழப்பு அதைவிடப் பெரிது.

சென்னை என்று முடிவானால், செவ்வாய், புதன், வியாழன் என்று அடுத்தடுத்த நாட்களாகக் கேளுங்கள். திங்கள் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி தாம்பரத்தில் இறங்கினால் மேடவாக்கம் வழியாகப் போய்விடலாம். எழும்பூர்வரை போவது வீண் சுற்று. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். அதனால் எந்தெந்த நாள் என்பதை மேலாளரிடம் மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் வாராவாரம் மாற்றினால் உங்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.